மூன்றடி மூன்று அங்குலம்

மனை மூன்று சென்ட். பட்டா புருஷன் பேரில்.
வரைபடம் கேட்டு வந்தவள் பேராச்சி,
பேட்டை ரயில்வே கேட்டுக்குத் தெற்கே இரண்டாவது தெரு.
"ஒத்த ரூம், ஒரு அடுப்படி, கக்கூஸ்.
பின்னாடி காலியாத்தான் கெடக்கு."
வாடகைக்கா என்றேன்.
"எனக்கு."

படிவத்தில் கட்டிடத்தின் பயன் என்று ஒரு கட்டம் உண்டு.
குடியிருப்பு என்று எழுதினால் போதும்.
ஏன் என்பதற்குக் கட்டம் இல்லை.
நானும் கேட்கவில்லை.

ஆனிக் காற்றில் டேப் நிற்கவில்லை.
ஒரு நுனியை அவள் பிடித்தாள்,
மறு நுனியை உச்சிமாகாளி,
முப்பத்தொரு வருஷத்துப் புருஷன்,
நூல் மில்லில் ரிங் ஃபிரேம் ஓட்டிய கை.
நடுவில் குனிந்து வாசித்தேன்:
பின்சாய்ப்பின் சுவரிலிருந்து எல்லைக்கல் வரை
பத்தொன்பது அடி.

அறைக்குப் பன்னிரண்டு. மிச்சம் ஏழு.
அந்த ஏழு எங்கே வேண்டும் என்பதில்
அவளுக்குச் சந்தேகமே இல்லை.
"அந்தக் கல்லோட ஒட்டிப் போட்டுருங்க.
இந்தப் பக்கம் முழுசா விட்டுருங்க."
இந்தப் பக்கம் என்று அவள் கை காட்டியது
வீட்டையா, டேப்பின் மறு நுனியையா,
தெரியவில்லை.

ஒட்ட முடியாது என்றேன்.
பக்கத்து எல்லையிலிருந்து ஒரு மீட்டர்
உள்ளே தள்ளித்தான் கட்டணும்,
மூன்றடி மூன்று அங்குலம்.
காற்றுக்கு, வெளிச்சத்துக்கு, தீப்பிடித்தால் ஆள் ஓட.

விரலில் கணக்குப் போட்டாள்.
"அப்பம் இங்கன மூணே முக்கால்தானா?"
ஆமாம்.
"அவரு இருமுனா கேக்குமே."

எட்டு வருஷமாக வரைகிறேன்.
எல்லையைத் தின்றவர்களையே பார்த்திருக்கிறேன்:
கல்லை ராத்திரியில் நகர்த்தியவர்,
சன்ஷேடை அடுத்தவன் முருங்கை மேல் நீட்டியவர்,
வாய்க்கால் புறம்போக்கில் தூண் இறக்கி
அதற்கு மஞ்சள் பூசிப் பிள்ளையார் வைத்தவர்.
அடுத்தவனை விட்டு விலகு என்று சட்டம் சொல்ல,
அதனாலேயே சொந்தப் புருஷன் பக்கம்
தள்ளப்பட்ட ஒருத்தியை
அன்றுதான் பார்த்தேன்.

பின்மனைப் பூதத்தான் ஆட்சேபனை இல்லை என்று
கடுதாசி தந்தால் பேசிப் பார்க்கலாம்.
மூன்று பேரும் போனோம்.
ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே கேட்டார்:
"ஒங்க மாடித் தண்ணி எங் கொட்டகைல விழுமா?"
விழாது, குழாய் வைக்கலாம்.
"சரி. இப்பம் எதுக்குத் தனி வீடு?"
பேராச்சி உச்சிமாகாளியைப் பார்த்தாள்.
உச்சிமாகாளி ஆட்டைப் பார்த்தார்.
"அப்பம் கையெழுத்து கெடையாது.
புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு
நான் செவரு குடுக்க முடியாது."

சரி, மூன்றே முக்கால்.
ராத்திரி முழுக்க அறையைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.
கதவை வடக்கே, ஆட்டுக் கொட்டகையைப் பார்க்க.
வீட்டுப் பக்கச் சுவரில் ஜன்னல் இல்லை,
கக்கூஸ் வென்டிலேட்டர் மட்டும்.
நடு இடைவெளியைப் படத்தில் வெள்ளையாக விட்டேன்.

நிலம் அவர் பேரில், ஆகவே கையெழுத்து அவருடையது.
ஐந்து தாளிலும் போட்டுவிட்டு
ஒன்றுதான் கேட்டார்:
"அடுப்பு எந்தப் பக்கம்?"
வடக்கே. உங்கள் பக்கம் புகை வராது.
"ம்" என்றார்.
"வாசமும் வராது."

தையில் முடிந்தது.
நிறைவுச் சான்றுக்கு அளக்கப் போனேன்.
பின்பக்கம் மூன்றடி மூன்று அங்குலம், சரி.
கிழக்கே சரி.
இரண்டு வீட்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தேன்:
ஆறடி மூன்று அங்குலம்.
மறுபடி வைத்தேன்.

கொத்தனார் சுடலை சாரக்கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னான்:
"அண்ணாச்சிதான். பின்சாய்ப்ப அவியளே இடிச்சுட்டாவ.
ஒத்தையா, ரெண்டு நாளு, கடப்பாரைய வச்சுக்கிட்டு.
கூலிக்கு ஆள் வேண்டாம்னுட்டாவ."
சாய்ப்பு நின்ற இடத்தில் ஒரு சிமெண்டுத் தடம்.
அங்கே நிற்கிற டிவிஎஸ் ஃபிஃப்டி
உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வெட்டவெளியில் நின்றது.

வரைபடப்படி இது விலகல். இரண்டரை அடி.
கூட்டிக் கட்டியவனைப் பிடிக்கப் பத்தி பத்தியாக விதி இருக்கிறது,
தன் வீட்டைக் குறைத்துக்கொண்டவனை
எந்தப் பத்தியில் எழுத?

பேராச்சி புது அடுப்பில் காப்பி போட்டுத் தந்தாள்.
இருமல் கேட்கிறதா என்றேன்.
"கேக்கத்தான் செய்யுது."
பாக்கி ஃபீஸை
முன்வீட்டில் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.